தகரப் பத்திக்குக் கீழே 4.4 கிகாஹேர்ட்ஸ்

வன்னியில் ஒரு கணினியை ஓவர்குளொக் செய்ய விரும்புகிறவர் முதலில் சமாளிக்க வேண்டியது வெக்கையை. புரொசசர் எது, மதர்போட் எது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. வெளிநாட்டுச் சோதனைக்காரர்கள் ஒரு கூலரைப் பொருத்தி, முழு வேலையிலும் 70 பாகைதான் என்று காட்டுவது 21, 22 பாகை அறையில். எங்களுக்குச் சித்திரை வைகாசியில் மத்தியானம் நிழலிலேயே 34, 35 பாகை. தகரத்துக்குக் கீழே இன்னும் ஏறும். காற்றை நம்பியிருக்கிற எந்தக் கூலராலும் அறைக் காற்றைவிடப் புரொசசரைக் குளிராக்க முடியாது. அறை 13 பாகை கூடினால் புரொசசரும் ஏறத்தாழ அதே 13 பாகை கூடும். அவர்களுடைய 70 இங்கே 83.

நான் கிளிநொச்சிப் பக்கம் வீடியோ தொழில் செய்கிறவன். கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று படம் பிடித்து வெட்டி ஒட்டிக் கொடுப்பது வேலை. இங்கே ஒரு கலியாண வீடியோவுக்குக் காத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் இங்கே இல்லை. கனடாவிலும் சுவிசிலும் லண்டனிலும் இருக்கிற சித்தப்பாமாரும் அக்காமாரும், வர முடியாமல் போனவர்கள். மணவறையை விட்டு மாப்பிள்ளை எழும்ப முன்னமே "வீடியோ எப்ப வரும்?" என்று அங்கிருந்து கேட்பார்கள். வெட்டி ஒட்டுவது கைவேலை, அது எனக்குப் பிரச்சினையில்லை. கடைசியில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கும் வேலையைக் கணினிதான் செய்ய வேண்டும். மூன்று மணி நேர வீடியோ என்றால் இரவு முழுக்க ஓடும். அந்த நேரத்தைக் குறைப்பதற்காகத்தான் ஓவர்குளொக்கிங்குக்குள் போனேன். அப்படித்தான் எல்லோருக்கும் சொல்லி வந்தேன்.

உண்மையில் அது பாதிக் காரணம்தான். மற்றப் பாதியை இதுவரை எங்கும் எழுதியதில்லை. எங்கள் ஊருக்கு மின்கம்பி வந்தது யுத்தத்துக்குப் பிறகு. நான் படித்ததெல்லாம் ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கில். சமாதான காலத்தில் ஜெனரேற்றர் போட்டு நடத்திய ஒரு கணினி வகுப்பில்தான் முதன்முதலில் விசைப்பலகையைத் தொட்டேன். ஒரு இயந்திரத்துக்கு நாலு பேர், ஆளுக்குப் பதினைந்து நிமிடம். பிறகு அதுவும் இல்லை. இடப்பெயர்வு, அதன் பிறகு மெனிக்பாம் முகாம். தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, பதிவுக்கு வரிசை. ஊருக்குத் திரும்பி ஒரு சொந்தக் கணினி வாங்கியபோது, என் வயதுப் பிள்ளைகள் கொழும்பில் பொறியியலாளர்களாகியிருந்தார்கள். திரையில் 3.3 என்றிருந்த எண்ணை 4.4 ஆக்கிய இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. வேலை சீக்கிரம் முடிந்ததற்காக அல்ல. பிந்தி வந்த ஒருவனுக்கு, முந்திப் போகிற ஒரு பொருள் கையில் கிடைத்தது போல் இருந்தது. வேகத்தின் மேல் எனக்கிருந்தது அந்த ஆசை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்தப் புரொசசர் இன்ரெல் கோர் ஐ5 2500கே. 2011 தையில் வெளிவந்த சாண்டி பிரிட்ஜ் வகை. நான் வாங்கும்போது அது பழையது, கொழும்பிலிருந்து கைமாறி வந்தது. பெயரின் கடைசியில் வருகிற 'கே' எழுத்துக்குத்தான் காசு கொடுத்தேன். புரொசசரின் வேகம் ஒரு பெருக்கல்: அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹேர்ட்ஸ், அதைப் பெருக்கும் எண் 33, விடை 3.3 கிகாஹேர்ட்ஸ். 'கே' வகையில் அந்தப் பெருக்கும் எண் பூட்டப்படாமல் இருக்கும். ஏற்ற மதர்போட் இருந்தால் பயோஸ் திரையில் 33ஐ 44 ஆக்கலாம். தொழிற்சாலை இப்படி இடம் விட்டு வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே சிலிக்கன் தட்டில் வெட்டியெடுத்த துண்டுகள் எல்லாம் ஒரே தரமாய் இருக்காது. எது வாங்குகிறவர் கையிலும் எந்தக் காலநிலையிலும் பல ஆண்டு பிழையில்லாமல் ஓட வேண்டும் என்பதால், நிறுவனம் வேகத்தைத் தாழ்த்திக் குறித்து அனுப்புகிறது. ஓவர்குளொக்கிங் என்பது அந்த முன்னெச்சரிக்கை இடைவெளியை எடுத்துச் சாப்பிடுவது.

எண்ணை மாற்றினால் மட்டும் போதாது. வேகம் கூடினால் ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் கணக்கு முடிய நேரம் குறைகிறது. ரான்சிஸ்ரர்கள் விரைவாகத் திறந்து மூட வேண்டுமானால் மின்னழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். விலை அங்கேதான் ஏறுகிறது. வெப்பம் வேகத்தின் அளவிலும், மின்னழுத்தத்தின் இருமடியிலும் கூடும். 1.2 வோல்ற்றில் 3.3 கிகாஹேர்ட்ஸ் ஓடிய புரொசசருக்கு, 4.4இல் நிற்க 1.35 வோல்ற் தேவைப்பட்டது. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடியது. வெப்பமோ கணக்குப்படி 69 சதவீதம் கூடுகிறது. கசிவு மின்னோட்டத்தால் வருவது அதற்கும் மேலே. இவ்வளவும் 216 சதுர மில்லிமீற்றர் சிலிக்கனுக்குள் பிறந்து, உடனடியாக வெளியேற வேண்டும்.

4.6 வரை போய்ப் பார்த்தேன். கணினி நிற்கவில்லை, நீலத்திரையும் வரவில்லை. ஆனால் சோதனைக்குப் போட்ட வீடியோவில் ஒரு இடத்தில் கண்சிமிட்டும் நேரத்துக்குப் பச்சைச் சதுரங்கள் தெரிந்தன. திரும்ப ஓட்டினேன், அவை வேறொரு இடத்தில் இருந்தன. சூடும் மின்னழுத்தப் போதாமையும் சேர்ந்தால் புரொசசர் பிழையான விடையைச் சரியான விடை மாதிரியே தந்துவிட்டு அடுத்ததுக்குப் போகும். நின்றுபோகிற இயந்திரத்தைவிட அது ஆபத்தானது. அதனால்தான் 4.4க்கு இறங்கி வந்தேன்.

இந்த இடத்தில் என் மாமாவின் ஹொண்டா எம்டி 90 பற்றிச் சொல்ல வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குப் பெற்றோல் வராது. எங்கேயோ சுற்றி வந்த கொஞ்சம் மருந்துப் போத்தலில் விற்கும். அதனால் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபுரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு உதைத்து, எஞ்சின் சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்து விடுவார்கள். வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு ஓடும். அதுவும் தயாரித்தவர் விதித்த எல்லையைத் தாண்டி ஓட்டிய இயந்திரம்தான். மண்ணெண்ணெயில் எஞ்சின் இடிக்கும், அளவுக்கு மீறிச் சூடேறும், பிளக்கில் கரி படியும். மாமா பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டுகிற மண்தாளை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஒட்டுசுட்டான் வீதியில் பெரிய மர நிழல் கண்ட இடமெல்லாம் நிறுத்துவார். அவசரம் என்று பின்னாலிருந்து நான் சிணுங்கினால், "இது ஓடுறதே பெரிசு மருமோன். மூச்சு விடாமல் ஓட்டினால் அடுத்த பயணத்துக்கு இது இருக்காது" என்பார். புரொசசரின் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்த இரவுகளில் அந்தக் குரல்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் ஆட்கள் இயந்திரங்களை எல்லைக்கு அப்பால் ஓட்டப் பழகியவர்கள். சூட்டை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்ற அறிவும் அவர்களிடம் இருந்தது. எனக்கு அப்போது இருந்தது முதலாவது மட்டும்.

என்னுடைய அடுத்த பாடம் அம்மாவிடமிருந்து வந்தது. எங்கள் வீடு இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டியது. 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா உதவியில் வன்னியெங்கும் எழும்பின வீடுகளில் ஒன்று. அதன் மேற்குப் பக்கத்தில் தகரம் போட்டு ஒரு பத்தி இறக்கி, அதைத்தான் தொழில் அறையாக்கியிருந்தேன். பெரிய கோபுரக் கூலர் வாங்கினேன், விசிறி ஒன்றுக்கு இரண்டாகப் பூட்டினேன், பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி மேசை ஃபானைத் திருப்பி வைத்தேன். பின்னேரம் மூன்று மணிக்கு என்ன செய்தாலும் 90க்குக் குறையாது. தேத்தண்ணி கொண்டு வந்த அம்மா கேட்டா: "பெட்டியை ஏன் தம்பி தகரத்துக்குக் கீழ வச்சு அவிக்கிறாய்? வடக்கு விறாந்தைப் பக்கம் வேம்பு நிழல் விழுகிற அறை சும்மாதானே கிடக்கு."

மாற்றினேன். அறை வெப்பமானி 39இல் இருந்து 32க்கு வந்தது. புரொசசர் 83க்கு இறங்கியது. எந்தக் கூலரும் தராத 7 பாகையை ஒரு வேப்பமரம் தந்தது. அதுவரை நான் பெட்டிக்குள்ளே மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சூடு போகிற பாதை நீளமானது: சிலிக்கன், அதன் மேல் மூடி, பேஸ்ட், செப்புக் குழாய், அலுமினியத் தகடுகள், பெட்டிக் காற்று, அறைக் காற்று, வெளிக் காற்று. கடைசி இரண்டும் அடைபட்டிருந்தால் முன்னால் எவ்வளவு காசைக் கொட்டினாலும் வழி திறக்காது. கூரைக்குள் தேங்கிய வெந்த காற்றைச் சீலிங் ஃபான் திரும்பக் கீழேதான் தள்ளும். அதை நிறுத்திவிட்டு, சுவரின் மேல்பகுதியில் காற்றை வெளியே இழுக்கும் ஃபான் ஒன்று வைத்தது இன்னும் நல்லதாய்ப் போயிற்று.

பேஸ்ட் பற்றியும் கொஞ்சம். மூடியும் கூலரின் அடியும் கண்ணுக்குப் பளிங்கு மாதிரித் தெரிந்தாலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் நிறைந்தவை. இரண்டையும் சேர்த்தால் நடுவில் காற்று சிறைப்படும், காற்றோ வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான் பேஸ்ட். முறிகண்டிக் கச்சான் பருப்பொன்றில் பாதி அளவு போதும். கூலரை அழுத்தினால் தானாகப் பரவும். எங்கள் வெக்கையில் மலிவான பேஸ்ட் ஒரு வருடத்துக்குள் காய்ந்து வெடிக்கிறது. அதனால் ஒவ்வொரு வருடமும் மாரி தொடங்க முன்னம் கழற்றித் துடைத்துப் புதிதாய்ப் போடுவேன்.

புழுதி இன்னொன்று. சோளகக் காற்றுக் காலத்தில் கிரவல் வீதிப் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கூலரின் தகடுகளுக்கிடையில் அந்தச் செம்புழுதி கம்பளி மாதிரி அடைக்கும். பவர் சப்ளைக்குள் பல்லி முட்டையிட்டிருந்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். கடையில் விற்கிற வடிகட்டிகள் இங்கே கிடைப்பதில்லை. பழைய நைலோன் நுளம்பு வலையை இரண்டாக மடித்து, காற்று உள்ளே வருகிற வாய்களில் இழுத்து ஒட்டினேன். உள்ளே தள்ளும் விசிறிகள் வெளியே தள்ளுவதைவிட ஒன்று கூட இருந்தால், காற்று வலை வழியாக மட்டுமே நுழையும், இடுக்குகளால் புழுதி வராது. கிழமைக்கு ஒரு தரம் வலையைத் தட்டினால் சரி. வெப்பத்தில் ஒன்றிரண்டு பாகை கூடியது, அதை ஏற்றுக்கொண்டேன்.

பிறகு வாசித்தபோது தெரிந்தது, நான் தகரப் பத்திக்குள் முட்டிய அதே சுவரில் உலகமே முட்டியிருக்கிறது என்று. 1974இல் ஐபிஎம்மில் ரொபேர்ட் டெனார்ட்டும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரைப்படி, ரான்சிஸ்ரர் சிறிதாகும்போது அதன் மின்னழுத்தத்தையும் சேர்த்துக் குறைத்தால், எத்தனை நெருக்கி வைத்தாலும் ஒரே பரப்பில் வெப்பம் கூடாது. முப்பது வருடம் அது வேலை செய்தது. புரொசசர்களின் வேகம் ஏறிக்கொண்டே போனது. 2000களின் நடுவில் மின்னழுத்தத்தை அதற்கு மேல் குறைக்க முடியாமல் போய்க் கசிவு பெருகியது. 2004 மாசியில் வந்த பென்ரியம் 4 பிரெஸ்கொட் சூட்டுக்குப் பெயர்போனது. அதே வருடம் இன்ரெல் அதன் அடுத்த வடிவத்தையும், பிறகு 4 கிகாஹேர்ட்ஸ் பென்ரியம் 4ஐயும் கைவிட்டது. அதற்குப் பிறகு எல்லோரும் ஒரு கோரை வேகமாக்குவதை விட்டு இரண்டு, நாலு, எட்டு என்று கோர்களைக் கூட்டினார்கள். 9 கிகாஹேர்ட்ஸைத் தாண்டிய சாதனைகள் இன்று உண்டு, உண்மைதான். திரவ ஹீலியத்தை ஊற்றி, படம் பிடிக்கிற நேரம் நிற்க வைப்பவை அவை. ஒரு சாமத்தியவீட்டை அதில் முடித்துக் கொடுக்க முடியாது.

என் ஆசையின் திசையைத் திருப்பியது 2022. பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. பெற்றோல் வரிசை ஏ9 வீதியில் கண்ணுக்கு எட்டாத தூரம். ஜெனரேற்றருக்கு எரிபொருள் தேடுவதை விட்டுவிட்டு, ஒரு இன்வேட்டரும் 12 வோல்ற் 100 அம்பியர்மணி பற்றறியும் வைத்து வேலை செய்தேன். அந்தப் பற்றறியில் காகிதக் கணக்குக்கு 1,200 வாற்மணி. அது நீடிக்க வேண்டுமானால் பாதியைத்தான் எடுக்கலாம், 600. என் பெட்டி 4.4இல் முழு வேலை செய்யும்போது சுவர்ப் பிளக்கில் 190 வாற் இழுத்தது. மூன்று மணி நேரத்தில் பற்றறி படுத்துவிடும்.

அப்போதுதான் எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தேன். வேகத்தைப் பழையபடி 3.3க்கு இறக்கினேன். ஆனால் மின்னழுத்தத்தைத் தொழிற்சாலை வைத்த 1.2இல் விடவில்லை, சிறிது சிறிதாக, பிழை வராத அளவுக்கு இறக்கிக்கொண்டே வந்தேன். 1.05இல் நின்றது. முன்னெச்சரிக்கைக்காக விட்ட அதே இடைவெளிதான், இம்முறை அதை வேகமாக எடுக்காமல் குளிர்ச்சியாக எடுத்தேன். வேகத்தில் ஒரு துளி இழப்பில்லாமல் புரொசசரின் வெப்பம் ஏறத்தாழக் கால்பங்கு குறைந்தது. பெட்டி முழுவதும் 115 வாற். பற்றறி ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாக்குப் பிடித்தது. ஒரு முறை நிரப்பிய பற்றறியில் எவ்வளவு வீடியோ முடிகிறது என்று கணக்குப் பார்த்தபோது திகைத்துப்போனேன். ஆறுதலாக ஓடுகிற கணினி, வேகமாக ஓடுகிற கணினியைவிடக் கிட்டத்தட்டக் கால்பங்கு கூடுதலாக முடித்திருந்தது. மின்சாரமே அளவாய்க் கிடைக்கிற இடத்தில் வேகத்தை மணிக்கணக்கில் அளக்கக் கூடாது, வாற்மணிக் கணக்கில் அளக்க வேண்டும். 2022 ஆவணியில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதமும், 2023 மாசியில் மேலும் 66 சதவீதமும் கூடிய பிறகு, கரண்ட் நிறையக் கிடைத்தபோதும் நான் அந்த அமைப்பை மாற்றவில்லை.

அதன் உண்மையான பலனைக் கண்டது வற்றாப்பளையில். முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமெடுத்து உப்புநீரில் விளக்கெரிக்கிற மரபுள்ள கண்ணகி அம்மன் கோயில் அது. வைகாசிப் பொங்கலுக்குச் சனம் வன்னியின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும். வர முடியாதவர்களுக்காக நேரடி ஒளிபரப்புச் செய்வோம். நந்திக்கடல் பக்கத்து வெட்டை வெளியில் ஒரு தகரக் கொட்டகை, ஜெனரேற்றர், பகல் வெக்கை 36. நேரடி ஒளிபரப்பில் செக்கனுக்கு 30 படங்கள், ஒவ்வொன்றையும் 33 மில்லிசெக்கனுக்குள் சுருக்கி அனுப்பியாக வேண்டும். 4.4இல் ஓடுகிற புரொசசர் காலையில் அதை இலகுவாய்ச் செய்யும். மத்தியானம் சூடு நூறை அண்டியதும் தன்னைக் காப்பாற்ற அதுவே வேகத்தை வெட்டும், படம் துள்ளும், திரும்ப ஏறும், திரும்ப வெட்டும். 3.3இல் குறைந்த மின்னழுத்தத்தில் ஓடியபோது, படத்தின் தரத்தை ஒரு படி இறக்கி வைக்க வேண்டியிருந்தது. ஆனால் காலை தொடங்கியது முதல் நள்ளிரவு தாண்டும் வரை ஒரே சீராக ஓடியது. ரொறன்ரோவில் இருந்து ஒரு பெரியம்மா அழைத்து, பொங்கல் பானைக்கு முன்னால் தன் தங்கச்சி நிற்கிறதைக் கண்டதாகச் சொன்னா. அவ கண்டது ஒரு துள்ளலும் இல்லாத படம். 4.4 கண்ட இரவில் இருந்த சந்தோசத்தைவிட அது பெரிது.

இப்போது அந்த 2500கே ஓய்வுபெற்றுவிட்டது. இன்றைய புரொசசர்கள் நாங்கள் அன்று கையால் செய்ததைத் தாங்களே செய்கின்றன. குளிர்ச்சியும் மின்சாரமும் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன. எனவே விடப்பட்ட இடைவெளி மிகச் சிறியது. அதையும் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை 2024இல் பார்த்தோம். இன்ரெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்ரொப் புரொசசர்கள் சில அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலைகுலைந்தன. நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது.

அறிவியல்நகரில் பொறியியல் பீடம் வந்த பிறகு மாணவர்கள் என்னிடம் வருகிறார்கள். "அண்ணை, இதை எவ்வளவுக்கு ஏத்தலாம்?" என்று அண்மையில் ஒரு தம்பி புதுப் பெட்டியோடு வந்து நின்றான். அவனுடைய கண்ணில் இருந்தது எனக்குத் தெரியாத ஒன்றல்ல. அதனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் வாற் எல்லையை 65இல் வைத்து ஒரு கிழமை ஓட்டு, வேலை எவ்வளவு பிந்துகிறது என்று எழுதி வை, பிறகு ஒவ்வொரு பத்து வாற்றாய்க் கூட்டு, பிந்துகிற நேரம் குறையாத இடத்தில் நிறுத்து என்றேன். இன்னொன்றும் சொன்னேன். சோதனையை மார்கழி மழையில் செய்யாதே. வாடைக்காற்றில் எந்தப் புரொசசரும் நல்ல புரொசசர்தான். ஆவணி மாதம், மூன்று மணி வெயிலில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய். கதவைத் திறந்து வைத்தால் புழுதி வருமே என்றான். நுளம்பு வலை வெட்டிக் கொடுத்து அனுப்பினேன்.